ஒரே ட்ரேயில் கொட்டாதீர்கள்: பன் இல்லாத பர்கர் பவுலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூ ஜெர்சியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறைக்குச் சனிக்கிழமை மாலைகளில் நான்கைந்து பேர் சமையல் பழக வருகிறார்கள். வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஊரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். சாம்பாரும் கூட்டும் ஓரளவு கைக்கு வந்த பிறகு, அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல ஏற்ற ஒரு மதிய உணவைக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். அப்போது நான் முதலில் சொல்லித் தருவது பன் இல்லாத பர்கர் பவுல். கொத்துக்கறி, லெட்டூஸ், தக்காளி, வெங்காயம், வினிகரில் ஊறிய வெள்ளரி, சாஸ் என்று பர்கருக்குள் இருக்கும் அத்தனையும் ஒரு கிண்ணத்துக்கு வந்துவிடும். பன் இருக்க வேண்டிய இடத்தில் ஓவனில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கும்.

சென்ற வாரம் ஒரு பெண் இரண்டு கிலோ கிழங்கை நறுக்கி, அத்தனையையும் ஒரே ட்ரேயில் கவிழ்த்துவிட்டு, "எல்லாம் அடங்கிடுச்சு அக்கா" என்றாள். பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே சமையலறையில் நான் செய்ததும் அதுவேதான். அந்த நினைவுதான் இதை எழுத வைத்தது. உப்புப் போட மறப்பது, அடுப்பை அணைக்க மறப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை ஒருமுறை செய்தவர் தாமாகவே திருந்திக்கொள்வார். செய்தவருக்கே தவறு என்று தெரியாமல் போகிறவற்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

## கிழங்கை நெருக்கி அடுக்குவது

எனக்கு இன்றும் பொறுக்க முடியாத தவறு இதுதான். அன்று எட்டுப் பேரை விருந்துக்கு அழைத்திருந்தேன். கிழங்கைத் தோல் சீவி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிசறி, ட்ரேயில் பரப்பி ஓவனில் வைத்தேன். செய்முறையில் குறித்திருந்தபடி இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தபோது, இட்லிப் பானையைத் திறந்ததுபோல ஆவி முகத்தில் அடித்து மூக்குக் கண்ணாடி முழுவதும் பனித்துப்போனது. துண்டுகள் வெந்திருந்தன, ஆனால் ஒன்றில்கூடப் பொன்னிறம் ஏறவில்லை. தோசைத் திருப்பியால் தொட்டதும் ஓரங்கள் நசுங்கின. இன்னும் இருபது நிமிடம் விட்டால் சிவந்துவிடும் என்று நினைத்து மறுபடியும் உள்ளே தள்ளினேன். நடுவில் இருந்தவை கூழாயின. ட்ரேயின் விளிம்பில் இருந்தவை கருகிக் கசந்தன. ஒரே ட்ரேயில் இரண்டு விதமாகவும் கெட்ட அந்தக் கிழங்கை விருந்தினர் யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்பது புரிந்தால்தான் கை திருந்தும். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். துண்டின் மேற்பரப்பில் ஈரம் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். சிவப்பு நிறமும் சுட்ட மணமும் உண்டாக மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆகவே, ஓரம் முதலில் காய்ந்தால்தான் சிவக்கும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் ஒன்றிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்துத் துண்டின் மேலேயே தங்கி, ஓவனுக்குள் ஓர் இட்லிப் பானையை உருவாக்கிவிடுகிறது. வெளியே 220 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கிழங்கு வெறுமனே அவிந்துகொண்டிருக்கும்.

நம்மவர்கள் இந்தத் தவறை அடிக்கடி செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. பொங்கல் சமயத்தில் சந்தைக்கு வரும் சர்க்கரைவள்ளியை நாம் பானையில் அவித்துத்தான் தின்று வளர்ந்தோம். மென்மையாக, ஈரமாக, அழுத்தினால் மசிய வேண்டும் என்பதுதான் நம் நாக்குக்குத் தெரிந்த பக்குவம். அதனால் ட்ரேயிலிருந்து வெளிறி மெத்தென்று வரும் கிழங்கைப் பார்த்ததும் வெந்துவிட்டது என்று திருப்தி அடைகிறோம். அவித்த கிழங்கு நல்ல உணவுதான். ஆனால், சாஸும் தக்காளியும் கொத்துக்கறியின் சாறும் சேரும் ஒரு கிண்ணத்தில் அது ஐந்து நிமிடத்தில் கரைந்து, எல்லாவற்றின் மேலும் இனிப்புக் களியாகப் பூசிக்கொள்ளும். பன் இல்லாத குறையைத் தீர்க்க வேண்டியது மொறுமொறுப்பான அந்த ஓரம்தான். அது இல்லையென்றால் இந்த உணவைச் செய்வதில் பொருளே இல்லை.

இப்போது நான் கணக்குப் பார்த்துத்தான் ட்ரே வைக்கிறேன். அமெரிக்க வீடுகளில் பரவலாக இருக்கும் 46 × 33 சென்டிமீட்டர் ட்ரேயின் பரப்பு சுமார் 1,500 சதுர சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ஒரு துண்டு ஏறக்குறைய எட்டு கிராம் இருக்கும்; 800 கிராம் கிழங்கு என்றால் நூறு துண்டுகள். ஒரு துண்டுக்குப் பதினைந்து சதுர சென்டிமீட்டர் இடம் கிடைக்கும், அதாவது துண்டுகளுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். இரண்டு கிலோவை அதே ட்ரேயில் போட்டால் 250 துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு சதுர சென்டிமீட்டர். இடைவெளி அரை சென்டிமீட்டர்கூட இராது. அதுவும் ஒவ்வொன்றாகக் கையால் அடுக்கினால்தான். கவிழ்த்துக் கொட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஒரு ட்ரேக்கு 800 கிராமுக்கு மேல் போடாதீர்கள். அதற்கு மேல் தேவை என்றால் இரண்டு ட்ரே வைத்து, பாதி நேரத்தில் மேல் தட்டில் இருப்பதைக் கீழேயும் கீழே இருப்பதை மேலேயும் மாற்றிவிடுங்கள். "கழுவ வேண்டிய பாத்திரம் இரண்டாகிவிடுமே" என்று ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் கேட்கிறார். ஒரு ட்ரேயைக் கழுவ இரண்டு நிமிடம் ஆகும். கூழாகிப்போன இரண்டு கிலோ கிழங்கை மீட்க வழியே இல்லை.

இதே தவற்றின் வேறு வடிவங்களும் உண்டு. சுவர் உயர்ந்த கண்ணாடிப் பாத்திரத்தில் வைப்பது அவற்றில் ஒன்று. உயரமான விளிம்பு ஆவியை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் தாழ்ந்த விளிம்புள்ள உலோக ட்ரேதான் இதற்கு ஏற்றது. நறுக்கிய பின் கழுவிவிட்டு, துடைக்காமல் அப்படியே எண்ணெய் பிசறுவது இன்னொன்று. உப்பு சேர்த்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பதும் அதே விளைவைத் தரும்; உப்பு கிழங்கின் நீரை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடும். உப்பையும் மிளகுத்தூளையும் ஓவனில் வைப்பதற்குச் சற்று முன்னர் சேர்த்தால் போதும். 800 கிராமுக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் சரியாக இருக்கும்.

ஓவனைக் குறைந்த சூட்டில் வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரைவள்ளியில் மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும் ஒரு நொதி இருக்கிறது; கிழங்கு ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி வரை சூடாகும் கட்டத்தில் அது நன்றாக வேலை செய்யும். முழுக் கிழங்கைத் தோலோடு மெதுவாகச் சுட்டால் தேன்போல இனிப்பதற்கு அதுவே காரணம். பவுலுக்கு அந்த இனிப்பும் வேண்டாம், அதோடு வரும் குழைவும் வேண்டாம். 220 டிகிரி செல்சியஸ், அதாவது 425 டிகிரி ஃபாரன்ஹீட் வைக்க வேண்டும். சூடு ஏறிவிட்டதென்று ஓவன் ஒலி எழுப்பிய பிறகும் பத்து நிமிடம் பொறுத்து ட்ரேயை உள்ளே வைப்பது நல்லது. முதல் பதினெட்டு நிமிடம் தொடாமல் விட்டு, அடிப்பக்கம் சிவந்த பின் ஒரே ஒருமுறை திருப்பி, மேலும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வைத்தால், ஓரம் சுருங்கிக் கருஞ்சிவப்பாகி, உள்ளே மாவாக இருக்கும் துண்டு கிடைக்கும். சீக்கிரமே திருப்பப் பார்த்தால் அடிப்பக்கம் ட்ரேயோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இந்தியக் கடைகளில் கிடைக்கும் சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையும் கொண்ட கிழங்கில் ஈரம் குறைவு, மாவு அதிகம். முதன்முறை செய்பவர்களுக்கு அதையே வாங்கித் தருகிறேன். ஆரஞ்சுக் கிழங்கில் உள்ள பீட்டா கரோட்டின் அதில் மிகக் குறைவு. ஆனால் வடிவம் குலையாமல் நிற்கும்.

## கிழங்கை ஃப்ரிட்ஜில் வைப்பது

வேண்டாம். பச்சைக் கிழங்கைக் குளிரில் வைத்தால் நடுப்பகுதி விறைத்து, எவ்வளவு சுட்டாலும் வேகாது.

## பன் போனால் மாவுச்சத்தும் போய்விடும் என்று எண்ணுவது

இந்த எண்ணம் சமையலைக் கெடுக்காது, உடம்பைக் கெடுக்கலாம் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐம்பது கிராம் எடையுள்ள ஒரு பர்கர் பன்னில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து இருக்கும். 100 கிராம் பச்சைச் சர்க்கரைவள்ளியில் 20 கிராம் இருக்கும். கிண்ணத்தில் 200 கிராம் கிழங்கைப் போட்டால் 40 கிராம் ஆகிவிடும், பன்னைவிட அதிகம். நார்ச்சத்தும் பொட்டாசியமும் பீட்டா கரோட்டினும் கிடைப்பதால் கிழங்கு சத்தான மாற்று என்பது உண்மை. மாவுச்சத்துக் குறைந்த மாற்று என்பது உண்மையன்று.

என்னிடம் பழகிய ஒரு தம்பி, ஊரிலிருந்து வந்திருந்த தம் தந்தைக்குச் சர்க்கரை நோய் என்பதால் இந்தப் பவுலையே தினமும் செய்து கொடுத்தார். ஒவ்வொரு வேளையும் 300 கிராமுக்குக் குறையாமல் கிழங்கு வைத்திருந்ததை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று தந்தையும் மகனும் குழம்பிப் போயிருந்தார்கள். போதாததற்கு, அவித்த கிழங்கைவிடச் சுட்ட கிழங்கு இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றக்கூடியது. சர்க்கரை உள்ளவர்களுக்குச் செய்தால் தராசில் நிறுத்துப் போடுங்கள். அளவை அவர்களுடைய மருத்துவரிடமோ உணவியல் வல்லுநரிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள். என் வீட்டில் ஒரு கிண்ணத்துக்கு நறுக்கிய பச்சைக் கிழங்கு 120 கிராம். மீதி இடத்தை லெட்டூஸும் முட்டைக்கோஸும் நிரப்பும்.

## கறியைச் சப்பாத்தி மாவுபோலப் பிசைவது

கோலா உருண்டை செய்து பழகிய கைகள் கொத்துக்கறியைக் கண்டதும் உப்பும் இஞ்சி பூண்டு விழுதும் முட்டையும் சேர்த்துப் பிசையத் தொடங்கிவிடுகின்றன. உப்புச் சேர்த்துப் பிசையும்போது கறியின் புரதம் கரைந்து பசையாகி, வெந்ததும் ரப்பர்போல இறுகிவிடும். கோலாவுக்கு அந்தக் கட்டுமானம் தேவை. பர்கர் கறி உதிர்ந்து சாறோடு இருக்க வேண்டும். பவுலுக்குத் தட்டையாக வடை தட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

வார்ப்பிரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, 450 கிராம் கறியை அடைபோலப் பரப்பி அழுத்தி, நான்கு நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடிப்பக்கம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்த பிறகு உடைத்துத் திருப்பி, உப்பும் மிளகும் சேர்த்து முழுவதுமாக வேகவிடுங்கள். சிறிய வாணலியில் ஒரு கிலோவைக் கொட்டினால் கறி தன் நீரிலேயே கொதித்துச் சாம்பல் நிறமாகிவிடும். ட்ரேயில் பார்த்த அதே தவறு பாத்திரம் மாறி வந்து நிற்கிறது. மாட்டுக்கறி உண்ணாதவர்கள் கோழியையோ வான்கோழியையோ பயன்படுத்தலாம். கொழுப்புக் குறைவு என்பதால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக விட வேண்டும்.

வடையாகத்தான் தட்டுவேன் என்பவர்கள் வெந்ததா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது. முழுத் துண்டில் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் கிருமிகள் அரைக்கும்போது உள்ளே வரை கலந்துவிடுகின்றன. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை மாட்டுக் கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் கோழி, வான்கோழிக் கொத்துக்கறிக்கு 74 டிகிரியும் என்று வகுத்திருக்கிறது. கறி வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து நடு வரை குத்திப் பாருங்கள்.

## சாஸை அளக்காமல் ஊற்றுவது

ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி. நான்கு கரண்டி போனால், பன்னை விட்டதால் மிச்சமான கலோரியைப்போல இரண்டு மூன்று மடங்கு திரும்ப வந்துவிடும். நான் மூன்று பங்கு கெட்டித் தயிருக்கு ஒரு பங்கு மயோனைஸ் சேர்த்து, கடுகு விழுது, பொடியாக நறுக்கிய ஊறிய வெள்ளரி, அந்த வெள்ளரி ஊறிய நீர் ஒரு கரண்டி, புகையூட்டிய மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை கலக்கிறேன். தக்காளி கெச்சப் சேர்ப்பதில்லை. கிழங்கே போதுமான அளவு இனிக்கிறது. வெள்ளரியில் உப்பு இருப்பதால் சாஸுக்குத் தனியாக உப்பு வேண்டாம்.

## ஈர லெட்டூஸ்

துணியில் உருட்டித் துடையுங்கள்.

## எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டப்பாவில் அடைப்பது

சுட்ட கிழங்கைச் சூடாக மூடி வைத்தால், அரும்பாடுபட்டு வெளியேற்றிய ஆவி மூடியில் நீராகி மறுபடியும் அதன் மேலேயே சொட்டும். ட்ரேயிலேயே பரப்பியபடி முழுவதும் ஆற விட்டு, அதன்பின் தனி டப்பாவில் வையுங்கள். சுட்ட பிறகு ஃப்ரிட்ஜில் வைக்கலாம். கறியும் அப்படித்தான், இரண்டையும் மூன்று நாளுக்குள் முடித்துவிட வேண்டும். லெட்டூஸும் வெங்காயமும் ஒரு டப்பாவில், தக்காளியை வெட்டாமல், சாஸைச் சிறு புட்டியில் என்று பிரித்து எடுத்துச் செல்லுங்கள்.

கிண்ணத்தில் அடுக்கும்போது லெட்டூஸ் அடியில், அதன்மேல் தக்காளி, வெங்காயம், வெள்ளரி, பிறகு கறி, அதன்மேல் சாஸ், எல்லாவற்றுக்கும் கடைசியில் கிழங்கு. வீட்டில் சாப்பிடுவதாக இருந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கிழங்கை மைக்ரோவேவில் வைக்காமல், காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் பரப்பி, பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். ஓரம் மறுபடியும் இறுகிவிடும். அலுவலகத்தில் மைக்ரோவேவ் மட்டுந்தான் இருக்கிறது என்றால் கறியை மட்டும் அதில் வைத்து, கிழங்கைக் குளிர் போன பிறகு அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள்.