கடலைக் கணக்குப் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

கடல் சூழலுக்கு மாடல் போடுபவர்கள், அதாவது எவ்வளவு மீன் இருக்கிறது, எது எதைத் தின்கிறது என்று கணிப்பவர்கள், கணக்கில் கோட்டை விடுவது குறைவு. சறுக்குவதெல்லாம் அதற்கு முன்னாடியும் பின்னாடியும்தான்.

பெரிய தவறு, வலையில் விழுவதை வைத்துக் கடலில் இருப்பதை அளப்பது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் டிராலர்களுக்கு (பெரிய இழுவலைக் கப்பல்களுக்கு) மணிக்கு இவ்வளவு என்று கிடைத்த மீன் நன்றாகவே இருந்தது, அதைப் பெரிதாக நம்பியதால் மீன்வளத்தையும் இருப்பதைவிட அதிகமாகவே மதிப்பிட்டார்கள். நடந்தது என்னவென்றால், மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை நெருக்கமாகக் கூட்டம் சேர்ந்தன, அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி கப்பலில் இருந்தது, ஆக கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் வலை நிறைந்துகொண்டே இருந்தது. கரையோரத்தில் சின்னப் படகில் போனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, வரத்தும் இல்லை என்று புலம்பினார்கள். அந்தப் பேச்சு சரியான நேரத்தில் எடுபடவில்லை. 1992 ஜூலையில் மீன்பிடிக்கே தடை வந்தது, சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

அடுத்தது, உணவுச் சங்கிலியை நேர்க்கோடாக நினைப்பது. சீல் (கடல்நாய்) மீன்களைத் தின்கிறது, சீல்களைக் குறைத்தால் மீன் பெருகும்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கடலில் ஹேக் மீன் இரண்டு வகை. ஆழம் குறைந்த இடத்தில் வாழும் வகையில் பெரியவை, ஆழ்கடல் வகையின் குஞ்சுகளைத் தின்னும். சீல் அதிகம் தின்பது அந்த முதல் வகையை. சீல் குறைந்தால் முதல் வகை பெருகி, ஆழ்கடல் வகையின் குஞ்சுகளை இன்னும் அதிகமாகத் தின்னலாம். அப்புறம் சீல்களைக் கொன்றால் லாபமா நஷ்டமா என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

ஈக்கோபாத் (கடலின் உணவு வலையைக் கணக்கிடும் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. ஏதோ ஒரு மீன் உற்பத்தியாவதைவிட அதிகமாகத் தின்னப்படுகிறது என்று காட்டும், அதாவது தின்னப்படுவதை உற்பத்தியால் வகுத்தால் வரும் விகிதம் 1ஐத் தாண்டும். உடனே யார் எதைத் தின்கிறார்கள் என்ற அட்டவணையில் கைவைத்து 1க்குக் கீழே இறக்கிவிடுவார்கள். கணக்கு சமன் ஆகும், சரி. ஆனால் அந்த அட்டவணை ஒரே பருவத்தில் கிழித்துப் பார்த்த சில குடல்களிலிருந்து வந்தது என்றால், சமன் ஆனதில் என்ன இருக்கிறது? எதை, ஏன் மாற்றினீர்கள் என்றாவது எழுதி வையுங்கள்.

கடைசியில் அதிகாரியிடம் ஒற்றை எண்ணை நீட்டாதீர்கள். வரம்பாகக் கொடுங்கள், அதன் கீழ்முனை உண்மையானால் எந்த ஆண்டு வலையை நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து.