ஹவாயின் எரிமலைக் கரையில் மீன்களோடு மிதப்பது: முதன்முறை இறங்குவோருக்கான செய்முறை

ஹவாயின் பெரிய தீவில், மேற்குக் கரையான கோனாவில், முதன்முதலாக ஸ்நோர்கெலிங் செய்ய, அதாவது கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக்குழலும் அணிந்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கீழே பார்க்க, கடலில் இறங்கிய காலையில் இருபது நிமிடங்கள் ஒரு மீனைக்கூட நான் தெளிவாகப் பார்க்கவில்லை. கண்ணாடிதான் மங்கிவிட்டது என்று எண்ணி ஐந்து முறை தலையைத் தூக்கிக் கழுவினேன். ஆறாவது முறைதான், கண்ணாடியில் குறையே இல்லை, தண்ணீரே மங்கலாக இருக்கிறது என்பது விளங்கியது. அந்தக் குழப்பம் உங்களுக்கு நேராமல் இருக்கவே இதை எழுதுகிறேன். நீந்தத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் இடமும் நேரமும். முதல் நாளுக்குப் படகுப் பயணம் தேவையில்லை; கஹலுஉ கடற்கரைப் பூங்காவில் கரையிலிருந்தே இறங்கலாம். அங்கே பழைய கல்லணை ஒன்றின் எச்சம் பேரலைகளை ஓரளவு தடுக்கிறது, ஆழமும் குறைவு, உயிர்காப்பாளர்களும் இருக்கிறார்கள். வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றை 4,169 மீட்டர் உயரமுள்ள மௌனா லோவாவும் ஹுவலாலாயும் மறித்துக்கொள்வதால், காலையில் இந்தக் கரை பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கத் தொடங்கும். ஆகவே எட்டு மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் பத்து நிமிடம் கரையில் நின்று பாருங்கள், ஏனெனில் பெரிய அலைகள் கூட்டமாக வந்துவிட்டுச் சற்று ஓயும். அந்த ஓய்வை மட்டும் பார்த்துவிட்டு இறங்குபவர்தான் ஏமாறுவார். அணையைத் தாண்டி உள்ளே விழும் நீர் ஏதாவது ஒரு பக்கமாக வெளியேறியே ஆக வேண்டும் என்பதால், இழுவை எந்தப் பக்கம் என்று உயிர்காப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதப் பௌர்ணமியை ஒட்டிப் பவளங்கள் இனப்பெருக்கத்துக்காக முட்டையும் விந்தும் நீரில் விடும் சில நாள்களில் இந்த விரிகுடாவை மூடுவது அண்மைக் கால வழக்கம் என்பதையும் பயணத் தேதி குறிக்கும்போது நினைவில் வையுங்கள்.

கருவிகளில் பணத்தை மாஸ்க்குக்குச் செலவிடுங்கள். மூச்சுக்குழலும் துடுப்புக்காலணியும் வாடகைக்கு எடுத்தவையாக இருந்தால்கூடப் போதும். வாரை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல உள்ளிழுங்கள். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று பொருள். முழுமுகத்தையும் மூடும் மாஸ்க் எனக்கு ஏற்புடையதல்ல. வெளிவிட்ட மூச்சு அதற்குள் தங்கிவிட வாய்ப்புண்டு. பதற்றம் வந்தால் வாயிலிருந்து துப்பிவிட முடிகிற குழலைப் போல அதை நொடியில் கழற்றவும் முடியாது. மீசை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: மூக்குக்குக் கீழே சிலிக்கான் விளிம்பு ரோமத்தின் மேல் படிவதால் நீர் கசிந்துகொண்டே இருக்கும். நான் மீசையை எடுக்க மனமில்லாமல், மேல் விளிம்பைக் கையால் நெற்றியோடு அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதி நீரை வெளியேற்றப் பழகிக்கொண்டேன். மீசை இல்லாதவரும் இதைப் பழகத்தான் வேண்டும்.

புதிய மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதைப் பற்பசையால் உள்பக்கம் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவாவிட்டால் எதைப் பூசினாலும் ஆவி படியும். அதன்பின் ஒவ்வொரு முறையும் இறங்குமுன் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பூ தடவி லேசாக அலசினால் போதும். எச்சிலும் அதே வேலையைச் செய்யும்.

இனி என்னைத் தடுமாற வைத்த படிக்கு வருகிறேன். இந்தத் தீவு புவியியல் கணக்கில் மிக இளையது. அதன் எரிமலைப் பாறை சல்லடை போன்றது. மலைச்சரிவில் பெய்யும் மழை ஆறாக ஓடாமல் பாறைக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே பயணம் செய்து, கரையோரத்தில் குளிர்ந்த ஊற்றாகக் கடலுக்குள் வெளிப்படுகிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே மிதக்கிறது. இரண்டும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால், அவை கலக்கும் இடத்தில் சர்க்கரைப் பாகைத் தண்ணீரில் ஊற்றியதுபோல் எல்லாம் நெளிந்து தெரியும். ஆவி படிந்த கண்ணாடியையும் இதையும் பிரித்தறிவது எளிது. ஆவியானால் மங்கல் வெண்மையாக, அசையாமல் இருக்கும். ஊற்றுநீரானால் மங்கல் எண்ணெய்போல் நெளியும், அதே நேரத்தில் தோளிலும் முதுகிலும் சில்லென்று உறைக்கும், முகத்தருகே நீட்டிய கை ஓரளவு தெளிவாகவும் தூரத்துப் பாறை கரைந்தும் தெரியும். அப்போது மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். காலை உதைத்தால் இரண்டு அடுக்கும் மேலும் கலந்து மங்கல் கூடும் என்பதால், கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, ஊற்று இருக்கும் கரையோரத்தை விட்டுச் சில மீட்டர் மெதுவாக விலகுங்கள். வெதுவெதுப்பான நீர் தொட்ட கணத்தில் திரை விலகியதுபோல் எல்லாம் துலங்கும்.

மூச்சைப் பற்றி இரண்டே வாக்கியங்கள். குழலுக்குள் தங்கும் பழைய காற்றைச் சிறு மூச்சுகளால் வெளியேற்ற முடியாது. ஆகவே நீளமாக வெளிவிட்டு, நிதானமாக உள்ளிழுங்கள், மூச்சு வாங்கத் தொடங்கினால் குழலை எடுத்துவிட்டு மல்லாந்து மிதந்தபடி கரைக்குத் திரும்புங்கள்.

மிதக்கும்போது பவளத்தின் மேல் நிற்கக் கூடாது; அது உயிருள்ளது, மேலும் அதன் இடுக்குகளில் நீண்ட கரிய முட்களுடன் கடல் முள்ளெலிகள் இருக்கும். நெற்றியில் சன்ஸ்கிரீன் பூசினால் அது வழிந்து கண்ணை எரிக்கும், விளிம்பும் வழுக்கும். முழுக்கை நீச்சல் சட்டை அதைவிட மேல். ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதை வாங்குங்கள்.

மீன்களைத் துரத்தினால் வால்களை மட்டுமே பார்ப்பீர்கள். ஒரு பாறைக்கு மேலே ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால், முதலில் மஞ்சள் டாங் மீன்கள் பாசியை மேயத் திரும்பி வரும், பிறகு வண்ணத்துப்பூச்சி மீன்கள் இணையிணையாக வரும். நறுக்நறுக்கென்ற ஓசை கேட்டால் கிளிமீன் பாறையைச் சுரண்டுகிறது என்று அறியுங்கள். அது விழுங்கிய பவளத்துகள் மணலாக வெளிவருவதையும் பார்க்கலாம். மாநில மீனான ஹுமுஹுமுநுகுநுகுஆபுஆஆ, நம் மீனவர்கள் கிளாத்தி என்று அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. பன்றி மூக்கு கொண்ட கிளாத்தி என்பதே அந்த நீண்ட பெயரின் பொருள். ஹோனு எனப்படும் பச்சை ஆமைகளின் ஓட்டில் டாங் மீன்கள் பாசி மேயும் காட்சியைக் கண்டால் மூன்று மீட்டருக்கு இப்பாலேயே நின்றுவிடுங்கள். உணவு எதுவும் போடாதீர்கள்.

இரண்டு மூன்று முறை பழகியபின் ஹோனௌநௌவில் உள்ள டூ ஸ்டெப்புக்குப் போகலாம். அங்கே மணற்கரை கிடையாது. எரிமலைப் பாறையில் இயற்கையாக அமைந்த இரண்டு படிகளில் அமர்ந்து, மாஸ்க்கை அணிந்து, நீர் மேலெழும் கணத்தில் வழுக்கி இறங்க வேண்டும். துடுப்புக்காலணியை அணிந்தபடி பாறையில் நடக்க முயல்வதே அங்கு விழுவதற்கான உறுதியான வழி. ஸ்பின்னர் எனப்படும் சுழல் டால்பின்கள் பகலில் ஓய்வெடுக்க இந்த விரிகுடாவுக்கு வருவதுண்டு. 2021 முதல் அவற்றிடமிருந்து 50 கஜம் விலகியிருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

பின்னர் சேர்த்தது: மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் என்ன செய்வது என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். நீருக்குள் பொருள்கள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரியதாகவும் தெரிவதால், கிட்டப்பார்வைக் குறை சிறிதளவே உள்ளவர்கள் வெறும் மாஸ்க்கிலேயே சமாளிக்கலாம். மற்றவர்கள் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க்கைத் தேட வேண்டும். மூக்குக்கண்ணாடியின் மேலேயே மாஸ்க்கை மாட்ட முயலாதீர்கள், காதுக்கம்பி வழியாக நீர் புகுந்துவிடும்.

இன்னொரு சேர்க்கை: டூ ஸ்டெப்பில் இறங்குவதை விளக்கிவிட்டு ஏறுவதை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார், அது சரிதான். படிக்குச் சில மீட்டர் முன்பே நின்று, அலைகளை எண்ணிப் பார்த்து, நீரிலேயே துடுப்புக்காலணிகளைக் கழற்றிக் கையில் கோத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கை மட்டும் கழற்ற வேண்டாம், பாறை இடுக்கிலுள்ள முள்ளெலிகளைப் பார்த்துக் கை வைக்க அது தேவை. அடுத்த அலை உங்களைப் படியின் உயரத்துக்குத் தூக்கும்போது அதன்மேல் உட்கார்ந்துவிட்டு, நீர் வடிந்த பிறகு எழுந்திருங்கள்.