சீட்டளவில் ஒருமுறை பாருங்கள்
விளையாட்டுச் சீட்டுகளுக்கு ஓவியம் வரைகிறீர்களா? படத்தை அனுப்பும் முன் 63 × 88 மில்லிமீட்டரில், அதாவது சீட்டின் நிஜ அளவில், ஒரு பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். நான் திருவல்லிக்கேணியில் தெருமுனை ஜெராக்ஸ் கடையில்தான் எடுக்கிறேன். தாளுக்கேற்பப் பெரிதாக்காமல் 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நிறத்தை இதில் நம்ப வேண்டாம், உருவம் தெரிகிறதா என்பதுதான் முக்கியம்.

திரையில் கம்பீரமாக நின்ற என் யாளியின் தும்பிக்கை, சீட்டளவில் கருநீல இருட்டோடு கலந்து காணாமலே போயிருந்தது. விளிம்பில் வெளிர்மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று இழுத்தேன், துலங்கிவிட்டது.

பிரிண்டை மேஜையின் எதிர்ப்பக்கம் வைத்துப் பாருங்கள். கூட ஆடுபவர் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்ப்பார். அப்புறம், வெட்டும்போது ஓரம் போகும், அதனால் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்துவிடுங்கள். அச்சகத்தார் வேறு அளவு சொன்னால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.