முதலில் தண்ணீர்க் கணக்கு: ஆஸ்திரேலியாவில் கேம்பர் வண்டி (உள்ளேயே தங்கி, சமைத்துப் பயணம் போகிற வண்டி) கட்ட நினைக்கும் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

மாங்காய் சீசனுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்று பர்கூர் பொறியியல் கல்லூரியில் படித்த ஒரு தம்பி வந்தான். அடுத்த மாதம் மெல்போர்ன் போகிறான். வாடகை வீடு, வேலை என்று கேட்பான் என நினைத்தேன். அவன் போனைத் திறந்து, செம்மண் பாலைவனத்தில் நிற்கிற ஒரு லாரி வீட்டின் படத்தைக் காட்டி, "அண்ணா, இதே மாதிரி ஒன்று கட்டணும். எங்கே ஆரம்பிக்கிறது?" என்றான். போன வருடம் தர்மபுரியில் இருந்து வந்த ஒரு தங்கையும் இதையேதான் கேட்டாள். அவர்களுக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் எழுதி வைக்கிறேன்.

லைசென்ஸை முதலில் முடித்துவிடுங்கள். மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் குடியேறினால், நம் ஊர் லைசென்ஸை வைத்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு எல்லாம் முடித்து அங்கே உள்ளதை வாங்கிவிட வேண்டும். மற்ற மாநிலங்களின் விதி கொஞ்சம் மாறும், போய் இறங்கிய வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கார் லைசென்ஸில் 4.5 டன் வரை மொத்த எடை உள்ள வண்டி ஓட்டலாம். இந்த 4.5 என்ற எண்ணை மனதில் வையுங்கள். எந்த வண்டி வாங்கலாம் என்பதையே அதுதான் முடிவு செய்யும்.

"நாமக்கல்லில் பாடி கட்டி கப்பலில் ஏற்றிவிடலாமா அண்ணா?" என்று கேட்காத ஆளே இல்லை. நம் பக்கத்து பாடி கட்டும் பட்டறைகளின் கைத்திறன் எனக்கும் பெருமைதான். ஆனாலும் வேண்டாம். அங்கே வண்டி இறக்குமதிக்கு முன் அனுமதி வேண்டும், அவர்களின் வடிவமைப்பு விதிகளுக்குப் பொருந்த வேண்டும். பிரேக் லைனிங்கிலோ கேஸ்கெட்டிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். 2003 டிசம்பர் 31 முதல் அங்கே கல்நாருக்கு முழுத் தடை. அடிப்பாகத்தில் ஒட்டிய மண்ணுக்குக்கூட நிறுத்தி வைப்பார்கள். வண்டியை அங்கேயே வாங்கி, அங்கேயே கட்டுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது பிபிஎஸ்ஆர் என்ற அரசுப் பதிவேட்டில் இரண்டு டாலர் கட்டித் தேடிப் பாருங்கள். அந்த வண்டி மேல் கடன் இருக்கிறதா, விபத்தில் கழித்துக் கட்டியதா என்பது தெரிந்துவிடும். டொயோட்டா ஹையேஸ் வேன் முதல் வண்டிக்கு நல்லது. மண் பாதைக்குப் போகவே வேண்டும் என்றால், அங்கே 'ட்ரூப்பி' என்று கூப்பிடுகிற லேண்ட் குரூசர் ட்ரூப் கேரியர். அதற்கும் மேலே இசுசு என்பிஎஸ், ஃபூசோ கேன்டர் மாதிரி நான்கு சக்கரமும் இழுக்கும் சிறு லாரிகள். படத்தில் பார்ப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைதான். முதல் வருடமே அதில் கை வைக்காதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். எடை. வண்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கட்டிலில் இருந்து தொடங்குகிறார்கள். நீங்கள் தண்ணீரில் இருந்து தொடங்குங்கள். நம் வீட்டுப் பெண்கள் இடுப்பில் சுமந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர், அதாவது 15 கிலோ. இரண்டு பேர், ஐந்து நாள், குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, உடம்பு துடைக்க என்று தலைக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வைத்தால் 100 லிட்டர். ஏழு குடம். பின்சக்கரத்துக்கு மேல் எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கிற 100 கிலோ அது. இந்த எடையைக் குறைக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் குறைக்கலாம்.

வண்டித் தகட்டில் ஜி.வி.எம். என்று ஒரு எண் இருக்கும். நம் லாரிக்காரர்கள் லேடன் வெயிட் என்பார்களே, அதேதான்: வண்டி, ஆள், டீசல், தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதித்த எடை. என் முதல் ஹையேஸை நானே கட்டினேன். 18 மி.மீ. பிளைவுட்டில் அலமாரி போட்டேன். 8-க்கு 4 அடி ஷீட் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும் என்று அப்போது யோசிக்கவில்லை. எல்லாம் ஏற்றி எடை மேடையில் நிறுத்தினால் அனுமதித்ததைவிட 190 கிலோ அதிகம். எடை மீறிய வண்டிக்கு அபராதம் உண்டு, விபத்து என்றால் இன்சூரன்ஸும் கையை விரிக்கலாம். அதைவிட, பிரேக் பிடித்தால் வண்டி சட்டென்று நிற்காது. நான்கு அலமாரிகளைக் கழற்றி 9 மி.மீ. பலகையில் திரும்பச் செய்தேன். இரண்டு மாதம் போயிற்று. மாங்கூழ் ஆலை வாசலில் எடை போடாமல் ஒரு லாரிகூட உள்ளே போகாத ஊரில் பிறந்தவர்கள் நாம். வெறும் வண்டியை ஒருமுறை, பாதி கட்டியதும் ஒருமுறை, முழுக்க ஏற்றி ஒருமுறை எடை போடுங்கள். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சிறு லாரி வரைக்கும் போகிறவர்களுக்கு ஒன்று. லாரியின் சேஸ், அதாவது அடிச்சட்டம், மேடு பள்ளத்தில் முறுக்கிக் கொடுக்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதன் மேல் நீங்கள் வைக்கும் வீட்டுப் பெட்டி முறுக்காது. கயிற்றுக் கட்டிலை மேடு பள்ளமான வாசலில் போட்டால் நான்கு காலும் தரையைத் தொடும், மேசையைப் போட்டால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். கட்டிலின் மேல் மேசையை ஆணி அடித்து இறுக்கினால் இரண்டில் ஒன்று உடையத்தானே வேண்டும்? அதனால்தான் பெட்டிக்கும் சேஸுக்கும் நடுவில் சப் ஃப்ரேம் என்ற இடைச்சட்டம் ஒன்று வைத்து, அதை ஸ்பிரிங் மேலோ மூன்று புள்ளிகளிலோ உட்கார வைக்கிறார்கள். சேஸின் மேல்பட்டையிலும் கீழ்ப்பட்டையிலும் துளை போடவே கூடாது. ஓசூர் லாரி ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. இந்த மாதிரி மாற்றங்களுக்கு அங்கே விஎஸ்பி 14 என்ற விதித் தொகுப்பு இருக்கிறது. பெரிய மாற்றம் என்றால் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அவரிடம் படத்தைக் காட்டிவிடுங்கள்.

12 வோல்ட் வயரிங் நீங்களே செய்யலாம். வீட்டு மின்சாரம் மாதிரியான 240 வோல்ட்டும் கேஸ் குழாயும் லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். பேட்டரி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதை ஆம்பியர்-ஹவரில் சொல்வார்கள். 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி 12 கிலோ அளவில் இருக்கும், அதே அளவு பழைய வகை பேட்டரி 30 கிலோ, அதிலும் பாதியைத்தான் பயன்படுத்த முடியும். 40 லிட்டர் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30, 40 ஆம்பியர்-ஹவர் எடுக்கும். மிக்ஸி வேண்டும் என்றால் பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற நல்ல சைன் வேவ் இன்வெர்ட்டர் வையுங்கள். 750 வாட் மிக்ஸி ஓடும்போது பேட்டரியில் இருந்து 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதனால் தடித்த கேபிளும் ஃபியூஸும் கட்டாயம்.

சமையலில் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வசதி உண்டு. ராகி மாவு. சீக்கிரம் கெடாது, கொஞ்சத் தண்ணீரும் கொஞ்ச நேரமும் போதும். ஒரு பாத்திரம்தான் கழுவ வேண்டும். நான் அரிசியைக் குறைத்து களிக்கு மாறிய பிறகு கேஸ் சிலிண்டர் நன்றாகத் தாங்கியது. குளிருக்காக அடுப்பை எரியவிட்டு, கதவை அடைத்துத் தூங்குவது மட்டும் ஒருநாளும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

அப்புறம் பாதை. தார் இல்லாத சாலைகளில் தகரக்கூரை மாதிரி வரிவரியாக மண் எழும்பியிருக்கும். டயர் காற்றைக் கால்வாசி குறைத்து, வேகத்தையும் குறைத்து ஓட்டுங்கள், தார் ரோடு வந்ததும் திரும்ப நிரப்புங்கள். மாரியில் இருந்து மார்லா வரை போகிற ஊட்னடாட்டா மண்பாதையில் இந்த அதிர்வில் என் தொட்டியின் குழாய் இணைப்பு கழன்று, இரவோடு இரவாக 60 லிட்டர் மண்ணில் போயிற்று. கேனில் தனியாக வைத்திருந்த 20 லிட்டர்தான் காப்பாற்றியது. அன்றில் இருந்து இரண்டு தொட்டி, ஒரு கேன். வழியில் போர் தண்ணீர் கிடைக்கும். ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் கறை ஏறிய நம் தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை: தெளிவாக இருப்பதாலேயே குடிநீர் ஆகிவிடாது, கொதிக்க வைத்தால் உப்பும் புளோரைடும் போகாது. குடிக்கலாம் என்று பலகை இருந்தால் மட்டும் பிடியுங்கள்.

மலை இறக்கத்தில் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் விட்டு இறங்கிய லாரிகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். குறைந்த கியர், இன்ஜின் பிடிமானம், பிரேக்கில் இடைவிட்டு மிதி. அஞ்செட்டி ரோட்டில் பொழுது சாய்ந்தால் யானைக்குப் பயந்து ஓட்டுவது போல, அங்கே கங்காருவுக்காக அந்தி சாய்வதற்குள் நிறுத்திவிடுங்கள். வடக்கே 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் ரோடு போன்ற மண் சாலைகள் மழைக்காலத்தில் மூடிவிடும். மே முதல் அக்டோபருக்குள் போங்கள். மூடிய சாலையில் போனால் அபராதம். பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போகும் பாதைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் வீட்டு வாசலைக் கடக்கிறோம் என்ற எண்ணத்தோடு போங்கள். மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் பழம், காய்கறி, தேன், செடி எதையும் விடமாட்டார்கள், அதற்கு முன்பே சமைத்து முடித்துவிடுங்கள்.

கைபேசி சிக்னல் இல்லாத இடத்துக்கு பி.எல்.பி. என்ற அவசர ஒலிபரப்புக் கருவி இல்லாமல் போகாதீர்கள். அரசின் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் அதை இலவசமாகப் பதிவு செய்யலாம். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்காதீர்கள், மேலிருந்து தேடுகிறவர்களுக்கு வண்டிதான் முதலில் தெரியும். பதிவில் அவசரத் தொடர்பு எண் கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் அம்மாவின் எண்ணை மட்டும் கொடுத்து வைக்காதீர்கள். கருவியை அழுத்தினால் ஆணையத்தார் முதலில் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். நடு இரவில் ஆங்கிலத்தில் யாரோ கேட்கும் கேள்விக்கு அம்மா என்ன சொல்வார்? உங்கள் பாதை தெரிந்த, அங்கேயே இருக்கிற ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். வழியில் பாதையை மாற்றினால், சிக்னல் கிடைக்கிற கடைசி ஊரில் நிறுத்தி அவருக்குச் சொல்லிவிட்டு நகருங்கள்.