லெஜண்டின் அளவு படத்தோடு சேர்ந்து மாற
பைத்தானில் வரைபடம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப்பில், எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று காட்டும் லெஜண்டின் 'ஃபான்ட்சைஸ்' (எழுத்தளவு) மதிப்பை நிலையான எண்ணாகக் கொடுக்காமல், படத்தின் உயரத்தை அங்குலத்தில் எடுத்து 2-ஆல் பெருக்கிக் கொடுங்கள். எழுத்தளவு பாயிண்டில், அதாவது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்காக அமைவதால், 'ஃபிக்சைஸ்' (படத்தின் அளவு) மாறினாலும் அது தானாக மாறுவதில்லை. ஆனால் லெஜண்டின் உள் இடைவெளிகளும் கோட்டு மாதிரியின் நீளமும் எழுத்தளவின் மடங்குகளாகவே கணக்கிடப்படுவதால், இந்த ஒரு மதிப்பு மாறினாலே அவையும் உடன் மாறிவிடும். இயல்பான உயரம் 4.8 அங்குலம், எழுத்து 10 பாயிண்ட் என்பதிலிருந்தே ஏறத்தாழ அந்த 2 வருகிறது.

டிபிஐயை (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பதை) மட்டும் கூட்டிச் சேமிப்பவர்களுக்கு இது தேவையில்லை. எல்லாமே ஒரே விகிதத்தில் பெரிதாகும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டத்தைச் சிறிய படத்தில் காட்டும்போதும் இது பொருந்தாது. எழுத்து படிக்க முடியாதபடி சுருங்கிவிடும் என்பதால், 'என்கால்ஸ்' (லெஜண்டின் நெடுவரிசைகளின் எண்ணிக்கை) மதிப்பை 2 ஆக்கி, லெஜண்டைப் படத்துக்குக் கீழே வைப்பதே நல்லது.