பெரு போறீங்களா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரு டூர்ல சொதப்புறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சொதப்புறாங்க. லிமால இறங்கி அன்னைக்கே குஸ்கோ ஃப்ளைட், மறுநாள் இன்கா ராஜாக்களோட பழைய மலை நகரம் மச்சு பிச்சு, அதுக்கு மறுநாள் ரெயின்போ மவுன்டன், அப்புறம் டிட்டிகாகா ஏரி, நடுவுல எங்கயாவது அமேசானையும் சொருகிடலாம்னு ஒரு ப்ளான், மொத்தம் ஒரு வாரம் லீவ். மேப்ல பார்த்தா எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா பெருவுக்கு ப்ளான் போடறப்போ கிலோமீட்டர் கணக்கு பார்த்து பிரயோஜனம் இல்ல, உயரக் கணக்கு பார்க்கணும். இத மட்டும் சரியா பண்ணிட்டாலே பாதி பிரச்சனை வராது.

தலைநகர் லிமா கடலோரத்துல இருக்கு. அங்கேருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள ஃப்ளைட்ல குஸ்கோ போய் இறங்கினா நீங்க நிக்கறது சுமார் 3,400 மீட்டர் உயரத்துல. லே லடாக் போனவங்களுக்கு இது சொன்னா புரியும், லேயும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான், ஃப்ளைட்ல போய் இறங்கினா முதல் ரெண்டு நாள் தலைவலி, வாந்தி, தூக்கம் வராம புரளறது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கறதுனு என்ன நடக்குமோ அதேதான் இங்கயும். ஜிம் போறேன், மாரத்தான் ஓடறேன்னு சொல்றவங்களையும் இது விடாது, உடம்பு ஃபிட்டா இருக்கறதுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்ல.

இதுல வேடிக்கை என்னன்னா மச்சு பிச்சுதான் ரொம்ப உயரம்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க, உண்மையில அது 2,430 மீட்டர்தான், குஸ்கோவ விட கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழ. அதனால குஸ்கோ ஏர்போர்ட்ல இறங்கினதும் ஊருக்குள்ள ரூம் போடாம நேரா ஒரு டாக்சி பிடிச்சு கீழ இருக்கற சேக்ரட் வேலி பள்ளத்தாக்கு பக்கம் இறங்கிடுங்க. உருபாம்பா, ஒயான்தாய்தாம்போ ரெண்டுமே 2,800 மீட்டர் பக்கம்தான், ரெண்டு ராத்திரி அங்க தூங்கி எழுந்து, அங்கேருந்தே ட்ரெயின் பிடிச்சு மச்சு பிச்சு பார்த்துட்டு, அதுக்கப்புறம் மேல ஏறி குஸ்கோ வந்தா உடம்பு அதுக்குள்ள பழகியிருக்கும். ரெயின்போ மவுன்டன் கடைசில. அது 5,000 மீட்டருக்கு மேல, வந்த மறுநாளே அங்க போறது வேண்டாத வேலை. விடியக்காலைல 3, 4 மணிக்கே வேன்ல ஏத்திடுவாங்க, மேல போனா குதிரை மேல உக்காந்துட்டும் மயக்கமா வர்றவங்கள பார்க்கலாம். இன்னொன்னு, நீங்க இன்ஸ்டாகிராம்ல பார்த்த அந்த கலர் எல்லாம் ஃபில்டர் போட்டது, நேர்ல மங்கலான சிவப்பு, மஞ்சள், பச்சைதான், பனி பேஞ்சிருந்தா அதுவும் தெரியாது. நடக்க கஷ்டம்னா பால்கோயோனு இன்னொரு கலர் மலை இருக்கு, அதுவும் உயரம்தான் ஆனா நடை கம்மி, கூட்டமும் கம்மி. என்னைக் கேட்டா அதுவே போதும்.

உயரத்துல வர்ற தலைவலி, வாந்திக்கு டயமாக்ஸ் மாத்திரை எடுக்கலாமானு கேப்பாங்க, ஊர்லயே டாக்டர்கிட்ட பேசிட்டு போங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கறவங்க, பிபி, ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க கட்டாயம் பேசணும். முதல் நாள் சரக்கு வேண்டாம், ராத்திரி வயிறு முட்ட சாப்பாடு வேண்டாம். ஹோட்டல்ல கோகா இலை டீ குடுப்பாங்க, அங்க அது சட்டப்படி சரி, தாராளமா குடிங்க. ஆனா நல்லா இருக்கேனு ரெண்டு பாக்கெட் டீ பேகை பெட்டில போட்டு ஊருக்கு எடுத்துட்டு வந்துடாதீங்க. கோகா இலை இந்தியால போதைப்பொருள் சட்டத்துல வருது, அமெரிக்கா வழியா ட்ரான்சிட்னா அங்கயும் அது தடை, அந்த டப்பால சுவனியர்னு எழுதியிருந்தாலும் கஸ்டம்ஸ்காரங்களுக்கு கவலை இல்ல.

அடுத்தது மச்சு பிச்சு டிக்கெட். இதுதான் அதிகம் பேர் மாட்டிக்கற இடம். முதல்ல ட்ரெயின் புக் பண்ணி, ஹோட்டல் புக் பண்ணி, கடைசில நுழைவு டிக்கெட் தேடினா இருக்காது. நுழைவு டிக்கெட்தான் முதல்ல வாங்கணும், அதுவும் கல்ச்சர் மினிஸ்ட்ரியோட அதிகாரப்பூர்வ சைட்டுல, அப்புறம் ட்ரெயின், அப்புறம்தான் மத்ததெல்லாம். டிக்கெட் வாங்கிட்டா எங்க வேணா சுத்தலாம்னும் நினைக்காதீங்க, 2024-லேருந்து மூணு சர்க்யூட்னு பிரிச்சு வெச்சிருக்காங்க, எந்த சர்க்யூட்டோ அந்த வழில மட்டும்தான் போக முடியும், ஒரு தடவை தாண்டிட்டா திரும்பி வர விடமாட்டாங்க. 1-வது சர்க்யூட்ல மேலேருந்து அந்த பிரபலமான போட்டோ எடுக்கலாம், ஆனா கோட்டைக்குள்ள நடக்க முடியாது. 3-வதுல கீழ்ப்பகுதி பார்க்கலாம், மேலேருந்து எடுக்கற அந்த க்ளாசிக் போட்டோ கிடைக்காது. ரெண்டும் வேணும்னா 2-வது, அதனாலதான் அது முதல்ல தீரும். போட்டோக்கு பின்னாடி கூம்பு மாதிரி நிக்குமே, அந்த வாய்னா பிச்சு மலை ஏறணும்னா அதுக்கு தனி டிக்கெட், அது 3-வது சர்க்யூட்டோட வரும். ஆக அத வாங்கினவங்க 2-வதையும் தனியா வாங்கினாதான் ரெண்டும் பார்க்க முடியும், இது தெரியாம கேட்ல போய் சண்டை போடறவங்க நிறைய.

பேர் விஷயத்துல நம்மாளுங்களுக்கு தனி தலைவலி. டிக்கெட்ல இருக்கற பேரும் நம்பரும் பாஸ்போர்ட்டோட ஒத்துப் போகணும், ஒரிஜினல் பாஸ்போர்ட் கையில இருக்கணும். நமக்கு இனிஷியல் ஒரு இடத்துல, அப்பா பேர் ஒரு இடத்துல, சில பாஸ்போர்ட்ல சர்நேமே காலியா இருக்கும், ஃபார்ம்ல அத எப்படி போடறதுனு முழிச்சு ஏதோ ஒண்ண அடிச்சு விட்டுடுவோம். பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ எழுத்து மாறாம அப்படியே போடுங்க, ட்ரெயினுக்கும் அதே மாதிரி.

ஆன்லைன்ல எதுவும் கிடைக்கலன்னா உடனே ட்ரிப்ப கேன்சல் பண்ணாதீங்க, தினமும் 1,000 டிக்கெட் மலையடிவாரத்துல இருக்கற அகுவாஸ் காலியன்தேஸ் ஊர்ல நேர்ல குடுக்கற வழக்கம் இருக்கு, ஆனா சீசன்ல இன்னைக்கு வரிசைல நின்னா நாளைக்கோ அதுக்கு மறுநாளோதான் கிடைக்கும், கைல எக்ஸ்ட்ரா நாள் இருந்தா மட்டும் இத நம்புங்க. அந்த ஊருக்கு குஸ்கோலேருந்து கார்ல போயிடலாம்னும் நினைக்காதீங்க, ரோடே கிடையாது, ட்ரெயின் இல்லன்னா ஹித்ரோஎலெக்த்ரிகா வரைக்கும் வேன்ல போய் அங்கேருந்து தண்டவாளத்த ஒட்டியே ரெண்டு மூணு மணி நேரம் நடக்கணும். ட்ரெயின்ல பெரிய சூட்கேஸ் ஏத்த விடமாட்டாங்க, சின்ன பேக்ல ஒரு ராத்திரிக்கு வேணுங்கறத எடுத்துட்டு மீதிய ஹோட்டல்ல விட்டுட்டு போங்க. மச்சு பிச்சு உள்ள டாய்லெட் கிடையாது, கேட்டுக்கு வெளியதான், காசு குடுத்து போகணும், வயசானவங்க குழந்தைங்க கூட வந்தா முதல்லயே போயிட்டு உள்ள போங்க.

மச்சு பிச்சு வரைக்கும் மலை வழியா நடந்தே போற இன்கா ட்ரெயில் நடக்கணும்னு ஆசை இருக்கறவங்க இன்னும் முன்னாடியே முழிச்சுக்கணும். ஒரு நாளைக்கு 500 பேர்தான், அதுல கைடு, சுமை தூக்கறவங்க எல்லாம் அடக்கம், அப்ப டூரிஸ்ட்டுக்கு மிஞ்சறது எவ்வளவுனு நீங்களே பாருங்க. லைசென்ஸ் இருக்கற ஏஜென்சி மூலமாதான் போக முடியும், பிப்ரவரி மாசம் முழுக்க மூடிடுவாங்க.

சீசன் பத்தி ரெண்டு வார்த்தை. ஆண்டிஸ் மலைப்பக்கம் டிசம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் நல்ல மழை, அதே நேரம் லிமால சுள்ளுனு வெயில். ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் குஸ்கோல பகல்ல பளிச்சுனு வெயில், ராத்திரி உறையற குளிரு, ஆனா லிமால சூரியனே தெரியாது, கருவானு ஒரு தூறல் மூட்டம் மாசக்கணக்கா வானத்த மூடிடும். லிமா கடற்கரைல குளிக்கலாம்னு ஜூலைல போனவங்க ஸ்வெட்டர் போட்டுட்டு நிப்பாங்க. ஜூன் 24 இன்டி ராய்மி, சூரியனுக்கு எடுக்கற திருவிழா, பார்க்க வேண்டியதுதான், ஆனா அந்த வாரம் குஸ்கோல ரூம் விலை எகிறிடும். நம்ம ஸ்கூல் லீவ் விடற ஏப்ரல், மே அங்க உண்மையில அருமையான நேரம், மழை ஓஞ்சு மலையெல்லாம் பச்சையா இருக்கும், கூட்டமும் ஜூலை அளவுக்கு இருக்காது.

அமேசான் பகுதி. அமேசான்னா ஒரே ஒரு இடம்னு நினைச்சு இகிடோஸ் போறதா புவேர்தோ மால்தொனாதோ போறதானு தெரியாம டிக்கெட் போட்டுடறாங்க. இகிடோஸுக்கு வெளியூர்லேருந்து ரோடே இல்ல, ஃப்ளைட் இல்லன்னா படகு, ஆனா நிஜ அமேசான் ஆத்துல போகணும்னா அங்கதான் போகணும். குஸ்கோ போறவங்களுக்கு சுலபம் புவேர்தோ மால்தொனாதோதான், ஒரு மணி நேரம் கூட ஆகாத ஃப்ளைட், அங்கேருந்து படகுல தம்போபதா காடு, களிமண் திங்க கூட்டம் கூட்டமா வர்ற மக்காவ் கிளிங்கள பார்க்கறதுக்கே அங்க போகலாம். ஒரு ராத்திரி தங்கிட்டு ஓடி வர்ற ப்ளான் மட்டும் வேண்டாம், போற அன்னைக்கும் வர்ற அன்னைக்கும் படகுலயே போயிடும், மூணு ராத்திரியாவது வைங்க.

இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடற ஒரு பெரிய விஷயம் வருது, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பெருவுக்குள்ள போறப்ப பெருசா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா திரும்ப இந்தியா வர்றப்ப கேப்பாங்க. மஞ்சள் காய்ச்சல் இருக்கற நாடுகள் லிஸ்ட்ல பெரு இருக்கு, அங்கேருந்து கிளம்பி 6 நாளைக்குள்ள சர்டிஃபிகேட் இல்லாம இங்க வந்து இறங்கினா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வெச்சிடலாம், சட்டம் அப்படி. ஊசி போட்டு 10 நாள் ஆனாதான் சர்டிஃபிகேட் செல்லும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, எந்த நாள்ல போடறாங்கனு கேட்டுட்டு போங்க. 60 வயசு தாண்டினவங்களும் முட்டை அலர்ஜி இருக்கறவங்களும் டாக்டர்கிட்ட கேக்காம போடாதீங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் போதும், சர்டிஃபிகேட்டா குடுக்கற அந்த மஞ்ச புக்க தொலைக்காம இருந்தா சரி.

பாலைவனத் தரையில பிரம்மாண்டமா வரைஞ்சிருக்கற நாஸ்கா கோடுகள் பார்க்க லிமாலேருந்து ஒரே நாள்ல போயிட்டு வர்ற பேக்கேஜ் விப்பாங்க. போக மட்டுமே ஏழு மணி நேரத்துக்கு கிட்ட பஸ், அதுக்கப்புறம் அரை மணி நேரம் குட்டி விமானம், திரும்ப அதே பஸ், எதுக்கு இந்த பாவம்? வழில பராகாஸ்ல ஒரு ராத்திரி தங்கி காலைல படகுல பாயேஸ்தாஸ் தீவுல பென்குயின், கடல் சிங்கம் பார்த்துட்டு, இகா பக்கத்துல உவகாசினா மணல்மேட்டுல ஒரு சாயங்காலம் போக்கிட்டு, அப்புறம் நாஸ்கா போங்க. விமானத்துல ரெண்டு பக்கத்து சீட்டுக்காரங்களுக்கும் காட்டணும்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ச்சு சாய்ச்சு ஓட்டுவாங்க, காலைல பொங்கல் மாதிரி ஏதாவது கனமா சாப்பிட்டு ஏறினீங்கன்னா பக்கத்துல இருக்கறவருதான் பாவம். கோடுகள் மேல நடக்கறது குற்றம். 2014-ல ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு ஆளுங்களே அந்த தேன்சிட்டு உருவத்துக்கு பக்கத்துல நடந்து போய் பேனர் விரிச்சு, அவங்க காலடித்தடம் அங்க நிலைச்சுப் போச்சு, அந்த மண்ணு அப்படி, மழையே இல்லாத ஊர்ல எதுவும் அழியாது, ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல அந்த கோடுகள் நிக்கறதே அதனாலதான்.

அரேகிபாலேருந்து கோல்கா பள்ளத்தாக்கு போறவங்களும் ஒரு நாள்ல முடிக்கப் பார்க்காதீங்க, அரேகிபா 2,300 மீட்டர், வழில தாண்டற கணவாய் 4,900. ரெண்டு நாள் வெச்சு சிவாய்ல தங்கினா காலைல காண்டார் கழுகு பறக்கறத நிதானமா பார்க்கலாம். டிட்டிகாகால ஊரோஸ் மிதக்கும் தீவு மட்டும் பார்த்துட்டு ஏமாத்திட்டாங்கனு ரிவ்யூ போடறவங்களும் உண்டு. கோரைப்புல்ல அடுக்கி அடுக்கி தீவு கட்டினது நிஜமாவே ஆச்சரியம்தான், ஆனா இப்ப அங்க போறதுல பாதி நேரம் கடைதான். ஏரிக்குள்ள இன்னும் போய் அமந்தானி தீவுல ஒரு வீட்டுல தங்குங்க, தக்கிலேல ஆம்பளைங்க நடந்துட்டே தொப்பி பின்னறத பாருங்க. ஏரியே 3,800 மீட்டர் உயரம், கம்பளி மறக்காதீங்க.

வடக்குப் பக்கம் எட்டிக்கூட பார்க்காம வர்றது என் கணக்குல பெரிய தப்புதான், சொன்னா யாரும் கேக்கறதில்ல. பெருனாலே இன்கானு ஆயிடுச்சு, ஆனா இன்கா ஆட்சியே ஒரு நூறு வருஷம் பக்கம்தான். அதுக்கு ரொம்ப முன்னாடி அங்க இருந்த மோச்சே ஆளுங்களோட சிபான் ராஜா சமாதி 1987-ல கண்டுபிடிச்சாங்க, அந்த தங்கமெல்லாம் லம்பாயேகே மியூசியத்துல இருக்கு. த்ருஹியோ பக்கத்துல சான் சான், முழுக்க மண்ணால கட்டின நகரம். இந்த இடங்கள்ல மச்சு பிச்சு மாதிரி தள்ளுமுள்ளு கிடையாது.

வெஜிடேரியன்ஸ் கவனிங்க. கறி வேண்டாம்னு சொன்னா சிக்கன் வரும், கறிக்கு ஸ்பானிஷ்ல கார்னே, அங்க நிறைய பேருக்கு கார்னேனா மாட்டுக்கறிதான். சின் போயோ, சின் பெஸ்காதோனு சிக்கன் மீன் ரெண்டையும் தனித்தனியா சொல்லணும், சொன்னாலும் சூப் சிக்கன் தண்ணில கொதிச்சதா இருக்கும். உருளைக்கிழங்குல சீஸும் மஞ்ச மிளகாயும் அரைச்சு ஊத்தின பாபா அ லா வாங்காய்னா நம்ம நாக்குக்கு ஒத்துவரும், மேல முட்டை வெப்பாங்க, வேண்டாம்னா சொல்லிடுங்க. அசைவக்காரங்க எலுமிச்சை சாறுல பச்சை மீன ஊறவெச்சு தர்ற செவிச்சேவ மதியமே சாப்பிடுங்க, நல்ல செவிச்சே கடைங்க சாயங்காலம் திறந்தே இருக்காது. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, டாய்லெட் பேப்பர பக்கத்துல இருக்கற கூடைலதான் போடணும், உள்ள போட்டா அடைச்சுக்கும்.

டாலர் எடுத்துட்டு போனா துளி கிழிசல் இல்லாத நோட்டா பார்த்து எடுத்துட்டு போங்க, ஓரம் கிழிஞ்சிருந்தாலும் வாங்க மாட்டாங்க. லிமால ரோட்டோரம் நின்னு போன்ல மேப் பார்க்காதீங்க, பைக்ல வந்து பிடுங்கிட்டு போயிடுவாங்க, ஏதாவது கடைக்குள்ள போய் பாருங்க.

கடைசியா, திரும்பற ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் குஸ்கோலயோ டிட்டிகாகா கரையில இருக்கற புனோலயோ இருக்காதீங்க. பரோனு சொல்லுவாங்க, நம்ம ஊர் பந்த் மாதிரி, ரோட்டுல கல்லு போட்டு ட்ரெயினையும் நிறுத்திடுவாங்க, 2022 டிசம்பர்ல மச்சு பிச்சு போனவங்க நூத்துக்கணக்குல மலையடிவாரத்துலயே மாட்டிக்கிட்டாங்க, 2023 ஜனவரில அந்த இடத்தையே கொஞ்ச நாள் மூடிட்டாங்க. மலையில மழைனாலும் மண் சரிஞ்சு இதே கதைதான். கடைசி ஒன்றரை நாளாவது லிமால வைங்க, அது ஒண்ணும் வீணாகாது, லார்கோ மியூசியம் பாதி நாள் எடுக்கும், மிராஃப்ளோரெஸ் நடுவுல அபார்ட்மென்ட்டுங்களுக்கு மத்தில வாகா புக்யானானு மண் செங்கல் பிரமிட் ஒண்ணு நிக்குது, அத பார்த்துட்டு மதியம் ஒரு செவிச்சே கடைக்குள்ள போயிட்டு, ராத்திரி ஏர்போர்ட் கிளம்பினா போதும், லிமா ட்ராஃபிக்குக்கு ஒரு மணி நேரம் கூடவே வெச்சுக்கோங்க.