அரியணைக்கு அடுத்த நாற்காலி: கற்பனை அரசில் அதிகாரப் போட்டியை அமைக்கும் முறை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி ஆடும் பாத்திர விளையாட்டில் அரசியல் குழப்பத்தைக் கொண்டுவர விரும்பும் ஆட்ட நடத்துநர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். அரசர் இறக்கிறார், இளவரசர்கள் இருவர் வாளை உருவுகிறார்கள், ஆட்டக்காரர்கள் ஒரு பக்கம் சேர்ந்து போருக்குப் போகிறார்கள். தொடக்கம் விறுவிறுப்பாகவே இருக்கும். ஆனால் சில வாரங்களில் ஆட்டம் சோர்ந்துவிடும். ஏனென்றால் அரியணை ஆட்டக்காரர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது, அங்கே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர அவர்களுக்கு வேலை இருப்பதில்லை. அதிகாரப் போட்டியை அரியணையிலிருந்து தொடங்காமல், அதற்கு அடுத்து இருக்கும் ஒரு பதவியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான முறையை இங்கே விளக்குகிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் வாழும் நமக்கு இதற்கான முன்மாதிரிகளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

முதலில் ஒரு பதவியைக் காலி செய்யுங்கள்

1746-ஆம் ஆண்டு புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்க்கும் இடைத்தரகராக, இருந்த கனகராய முதலியார் இறந்தார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்கும் தமிழ் வணிகர்களுக்கும், பிரெஞ்சு வணிக நிறுவனமான கும்பினிக்கும் நெசவாளர்களுக்கும் இடையே போகும் பேச்சும் பணமும் அந்தப் பதவியில் இருப்பவர் வழியாகவே போயின. அந்த இடத்தை யார் பிடிப்பது என்ற போட்டியில் இறந்தவரின் தம்பியும் இருந்தார், ஆனந்தரங்கப் பிள்ளையும் இருந்தார். ஆளுநரின் மனைவி ழான் அம்மையார் பிள்ளைக்கு எதிராக இருந்தார். 1736 முதல் 1761 வரை பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் இந்தப் போட்டி எப்படி நடந்தது என்பதைப் பார்க்கலாம். யார் யாரைப் பார்க்கப் போனார், யார் என்ன காணிக்கை கொடுத்தார், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார் என்றுதான் அதன் பக்கங்கள் நிறைகின்றன. வாளை உருவாமலே நடந்த சண்டை அது. ஆட்டக்காரர்கள் உள்ளே நுழைந்து விளையாடக் கூடிய சண்டையும் இதுவே.

உங்கள் அரசில் இப்படி ஒரு பதவியை உருவாக்கும்போது மூன்று தன்மைகளைப் பாருங்கள். ஒன்றையொன்று புரிந்துகொள்ளாத இரு தரப்புக்கு நடுவில் அது இருக்க வேண்டும். பொருளோ பணமோ அதன் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதை நிரப்பும் உரிமை ஒரே ஒருவரின் விருப்பத்தில் தொங்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஆற்று முகத்துவாரத்தில் தலைநகரைக் கொண்ட அலைவாய் என்ற அரசை எடுத்துக்கொள்வோம். கடலுக்கு அடியில் ஆழ்மக்கள் என்றோர் இனம் வாழ்கிறது. முகத்துவாரத்தை மணல் அடைக்காமல் ஆண்டுதோறும் திறந்து வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். பதிலுக்கு நெல்லும் இரும்பும் கேட்கிறார்கள். அவர்களோடு அவர்கள் மொழியில் பேச அரசு வைத்திருப்பவர் கடல்தூதர் ஒருவரே. கோடையில் நம் ஆறுகளின் வாயில் மணல்மேடு எழுந்து படகுகள் வெளியே போக முடியாமல் நிற்பதைப் பார்த்த எவருக்கும், அந்த ஒரு மனிதர் இறந்தால் ஊருக்கு என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. கடல்தூதர் வாரிசு இல்லாமல் இறந்தார் என்று ஆட்டத்தைத் தொடங்குங்கள். அவருடைய மைத்துனர் உப்பு வணிகர், பணம் வைத்திருக்கிறார். இறந்த தூதரிடம் பல காலம் வேலை பார்த்த கணக்கருக்கு மொழி தெரியும், ஆனால் ஆள்பலம் இல்லை. அரசி தன் உறவினன் ஒருவனை முன்னிறுத்துகிறார். ஆட்டக்காரர்கள் இந்த மூவரில் ஒருவரின் வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அதைவிட, ஆளுக்கொரு வீட்டைச் சேர்ந்தவர்களாக இருந்தால் ஆட்டம் மிகச் சிறப்பாக அமையும்.

பதவியைப் பிடிப்பதோடு ஆபத்து முடிந்துவிடக் கூடாது. கனகராய முதலியாருக்கு முன்பே புதுச்சேரியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளை 1716-இல் கைது செய்யப்பட்டார். கலகத்தைத் தூண்டினார், மக்களைக் கொடுமைப்படுத்தினார் என்பவை குற்றச்சாட்டுகள். சொத்துகள் பறிமுதலாயின, 1717-இல் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு பிரான்சில் அவர் குற்றமற்றவர் என்று முடிவாயிற்று; அவருடைய மகன் குருவப் பிள்ளை அந்நாட்டுக்கே போய் வீரப்பட்டம் பெற்றுத் திரும்பினார். ஊர் கொந்தளித்தால் அதைத் தணிப்பதும் நடுவில் நிற்பவரின் வேலை, கொந்தளிப்புக்குக் காரணம் என்று பிடிபடுபவரும் அவரே என்ற இந்த நிலைமையை உங்கள் பதவிக்கும் கொடுங்கள். அப்போது, போட்டியில் வென்ற ஆட்டக்காரர் தோற்றவரைவிட அதிகக் கவலையோடு அடுத்த வாரம் வருவார்.

உரிமை இருபக்கமும் இருக்கட்டும்

வாரிசுப் போர் வேண்டுமென்றால் அதைப் பின்னணியில் வையுங்கள். ஒருவன் நல்லவன், இன்னொருவன் கொடியவன் என்று எழுதிவிட்டால் ஆட்டக்காரர்களுக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது. 1748-இல் ஐதராபாத் நிசாம் இறந்தபோது மகன் நாசிர் சங்கும் மகள் வழிப் பேரன் முசாபர் சங்கும் மோதினார்கள். அதே நேரத்தில் ஆற்காட்டில், நிசாமால் நியமிக்கப்பட்ட நவாப் அன்வருதீனுக்கு எதிராக, பழைய நவாப் குடும்பத்தின் மருமகன் சந்தா சாகிப் கிளம்பினார். நால்வருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு நியாயம் இருந்தது. முசாபர் சங்கும் சந்தா சாகிபும் கைகோத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அவர்களோடு சேர்ந்தார்கள். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குப் போய் ஆங்கிலேயரின் துணையைத் தேடினார்.

இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, உங்கள் அரசில் ஒரு வாரிசுச் சண்டைக்குப் பதில் இரண்டை வைத்து, ஒன்றில் நண்பராக இருப்பவர் மற்றொன்றில் தொல்லை தருபவராகும்படி பின்னிவிடுங்கள். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் உதவிக்கு விலை இருக்க வேண்டும், அந்த விலை நிலமாக இருப்பது நல்லது. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அந்தக் கூட்டணியின் பயனாகத்தான். கடலூரிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரும் நண்பர்கள் வழியில் இரண்டு முறை மாநில எல்லையைக் கடந்தே வருகிறார்கள். பழைய பேரங்கள் போட்டுவைத்த கோடுகள் எவ்வளவு கோணலாக ஓடும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையே இல்லை. உங்கள் அலைவாய் அரசிலும், படையை அனுப்பும் அண்டை நாட்டுக்கு எந்த ஊர் போகும் என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். அந்த ஊரில் ஆட்டக்காரர் ஒருவரின் அக்கா வாழட்டும்.

எல்லைக் கோட்டை ஆட்டமாக்குதல்

இந்தக் கரையில் நடந்தவற்றுள் விளையாட்டுக்கு மிகவும் பொருத்தமானது எது என்று என்னைக் கேட்டால் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தைத்தான் சொல்வேன். 1690-இல் செஞ்சி மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினி அந்தக் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரை உள்ள ஊர்களும் அவர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. அப்படியே பல திசைகளில் சுட்டார்கள். புனித டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட அந்த இடத்தைச் சுற்றி அப்படிச் சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது.

இதை மேசையில் நிகழ்த்தும் முறை எளிது. ஆறு, வாய்க்கால், ஏரி, ஊர்கள் குறித்த வரைபடத்தை விரித்து வையுங்கள். பீரங்கிக்குப் பதில் உங்கள் உலகில் மந்திரவாதி கோட்டை மதிலில் நின்று விடும் அம்பாக இருக்கலாம். ஒவ்வொரு திசைக்கும் ஓர் ஆட்டக்காரர் இருபது முகப் பகடையை உருட்டட்டும். விழும் எண்ணை விரற்கடைக் கணக்கில் அளந்து புள்ளி வையுங்கள். புள்ளிகளை இணைத்ததும் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் வாய்க்காலின் மதகு கோட்டுக்கு உள்ளேயும், அது பாயும் நாற்பது காணி வயல் வெளியேயும் விழுந்திருக்கும். அங்கே நிறுத்துங்கள். இனி மதகைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கும், வரி யாருக்கு, நாற்று நட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும் குடியானவர் எந்தக் கச்சேரிக்குப் போய் நிற்பார் என்று அந்தப் பகடையை உருட்டிய ஆட்டக்காரரிடமே கேளுங்கள். ஒரு மாதத்துக்கான கலகத்துக்கு விதை அந்த ஒரு புள்ளியில் கிடைத்துவிடும்.

மக்களின் கொந்தளிப்பை அளத்தல்

'மக்கள் கோபமாக இருக்கிறார்கள்' என்று நடத்துநர் வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. நெல்விலையைத் தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஒரு மரக்கால் நெல் 6 காசு என்று தொடங்குங்கள். ஆட்டத்தில் ஒரு மாதம் கழியும்போது ஆறு முகப் பகடை இரண்டை உருட்டுங்கள். கூட்டல் 5 அல்லது அதற்குக் கீழே என்றால் விலை 2 காசு ஏறும். 9 அல்லது அதற்கு மேலே என்றால் 1 காசு இறங்கும். நடுவில் விழுந்தால் மாறாது. ஏறவும் இறங்கவும் வாய்ப்பு 36-க்கு 10 என்று சமமாகவே இருந்தாலும், ஏறும் அளவு இரட்டிப்பு என்பதால் விலை காலப்போக்கில் உயர்ந்துகொண்டே போகும். முகத்துவாரம் அடைபட்டால் மேலும் 2, யாராவது பத்தாயத்தைப் பூட்டி வைத்தால் மேலும் 1 சேருங்கள்.

8 காசில் சந்தையில் முணுமுணுப்பு கேட்கும். 10-இல் ஊர்ப் பெரியவர்கள் விண்ணப்பத்தோடு அரண்மனை வாசலில் நிற்பார்கள். 12-இல் கடைகள் அடைக்கப்படும், தறிகள் நிற்கும். 14-க்குப் போனால் தீவைப்பும் வெட்டுக்குத்தும் வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அங்கே வேறொன்றை வைக்கிறேன். இந்தச் சோழமண்டலக் கரையில் நெசவாளர்களும் வணிகர்களும் கையாண்ட பெரிய ஆயுதம் ஊரைக் காலி செய்துவிட்டுப் போவதுதான். தறியும் சட்டிபானையுமாக வண்டி கட்டிக்கொண்டு அடுத்த எல்லைக்குப் போய்விட்டால், ஆளுநரின் கப்பலில் ஏற்றத் துணி இருக்காது. எந்தத் தீவைப்பையும்விட இது ஆள்பவரைக் கலங்கடிக்கும். ஆட்டக்காரர்கள் அந்த வண்டி வரிசைக்குப் பின்னால் ஓடி, ஒவ்வொருவரிடமும் பேசித் திருப்பி அழைக்க வேண்டிய கட்டம் சண்டைக் காட்சிக்குச் சற்றும் குறையாத பரபரப்பைத் தரும்.

செய்தியும் மொழிபெயர்ப்பும்

கடல்தூதர் பதவியை ஆட்டக்காரர் ஒருவர் பிடித்துவிட்டால், ஆழ்மக்களின் தலைவர் பேசுவதை அவருக்கு மட்டும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அவர் அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, மற்றவர்களுக்குத் தம் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். 'நெல் நூறு கலம், இல்லாவிட்டால் ஆடியில் வாய் அடைபடும்' என்று சீட்டில் இருந்தால், அரசரிடம் 'நூற்றிருபது கலம் கேட்கிறார்கள்' என்று அவர் சொல்லலாம். அந்த இருபது கலம் யாருடைய பத்தாயத்துக்குப் போகிறது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர் நேர்மையாகவே சொன்னாலும் மற்றவர்கள் முழுதாக நம்ப மாட்டார்கள். அதிகாரம் என்பது எப்படிப்பட்டது என்று இந்த ஒரு சீட்டு காட்டுவதைப்போல் நீண்ட விதிப்புத்தகம் எதுவும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து இந்தத் தனியுரிமையை உடைக்க வேண்டும். துய்ப்ளெக்சின் மனைவி புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் அறிந்தவர். தமக்கென்று ஒற்றர்களையும் வைத்திருந்தார். மொழிபெயர்ப்பவரை மட்டுமே நம்பாத ஒருவர் ஆளுநரின் வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான் துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஓயாத தலைவலி. உங்கள் அரசியும் யாருக்கும் தெரியாமல் ஆழ்மக்களின் மொழியைக் கற்று வரட்டும். அதை அறிவிக்காதீர்கள்; பழைய சீட்டுகளில் ஒன்றை அவர் ஒருநாள் அவையில் சொல் மாறாமல் திருப்பிச் சொன்னால் போதும்.

ஆட்டக்காரர்கள் கவனிக்காத தரப்புகள் சும்மா இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு தரப்புக்கும் ஆறு கட்டங்கள் வரைந்து, அமர்வு முடிந்ததும் தடுக்கப்படாத தரப்புக்கு ஒரு கட்டத்தை நிரப்புங்கள். ஆறும் நிரம்பினால் அவர்கள் நினைத்தது நடந்துவிடும்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர் வரலாற்றில் சாதிச் சண்டைகளும் உண்டு. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது போன்ற ஆறாத காயங்களும் உண்டு. அவற்றை அப்படியே பெயர் மாற்றி மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அமர்ந்திருப்பவர்கள் அந்தக் குடும்பங்களிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வந்தவர்களாக இருக்கலாம். போட்டியின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அடையாளங்களை விட்டுவிடுங்கள்.

முடிக்கும் விதம்

பதவி யாருக்கு என்று தீர்ந்த உடனே ஆட்டத்தை நிறுத்தாமல் இன்னும் ஓர் அமர்வு நடத்துங்கள். இந்தக் கரையில் வென்றவர்களுக்கும் வெற்றி நீடிக்கவில்லை: 1754-இல் துய்ப்ளெக்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார், 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்து இடித்தார், 1761 ஜனவரி 16-இல் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்து, அதுவும் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்புதான் இறந்திருந்தார். கடைசி அமர்வில் தோற்ற இரு வீடுகளும் என்ன செய்கின்றன, ஊரை விட்டுப் போனவர்களில் யார் திரும்புகிறார்கள், அண்டை நாட்டுக்குக் கொடுத்த ஊரில் இப்போது வரி வசூலிப்பவர் யார் என்ற மூன்றையும் ஆட்டக்காரர்களே சொல்லட்டும். நெல்விலைத் தாளையும் எல்லை வரைபடத்தையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். அடுத்த கதையை இருபது ஆண்டு கழித்து அதே ஊரில் தொடங்கும்போது இரண்டும் தேவைப்படும்.